லிஃப்டில் இறங்காதீர்கள்

சிங்கப்பூரில் மலையேறத் தயாராகிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஏதாவது ஒரு வீவக அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டில், முதுகில் பையோடு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருப்பார்கள். உச்சி மாடியை எட்டியதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்துவார்கள். கீழே வந்து மறுபடி ஏறுவார்கள். படியில் இறங்கினால் முட்டி தேய்ந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த லிஃப்டைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் வேலை. பாலி, ஜாவா, லொம்போக் என்று வாரக் கடைசியில் எரிமலை ஏறப் போய்விட்டு, திங்களும் செவ்வாயும் நொண்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். எப்போது ஆனது என்று கேட்டால், ஏறும்போது என்று சொல்பவர் குறைவு. "உச்சியிலேர்ந்து வரும்போது கால் நடுங்க ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் எங்கே வைக்கிறேன்னே தெரியலை" என்பதுதான் வழக்கமாகக் கேட்கிற பதில்.

உடம்பில் நடப்பது இதுதான். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பிரேக் பிடிக்கிற வேலை. மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது, ஆகவே சுலபம் என்று தோன்றும். ஆனால் நீளும்போது சுமை தாங்குகிற தசையிழைகளில்தான் நுண்ணிய சேதம் அதிகம். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, மலையில் இருக்கும்போதே, தசையின் வலு குறைந்துவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. படியில் இறங்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டி மூட்டில் விழும் விசை உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வலுவிழந்த தசை அதைப் பிடித்து நிறுத்தாவிட்டால் முட்டியும் கணுக்காலும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு மருந்து இறங்குவதுதான். பழகாத தசை ஒருமுறை அளவோடு இறங்கிச் சேதப்பட்டு ஆறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. உடற்பயிற்சி அறிவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம் இது. மலைக்குப் போகும் முன் அந்த முதல் வலியை வீட்டுப் படிக்கட்டிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

எங்கள் நடைக் குழுவில் ஒரு தம்பி. தேசிய சேவை முடித்தவர், நல்ல ஓட்டக்காரர். "அக்கா, நான் ஐபிபிடியில கோல்ட் எடுத்தவன். எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐபிபிடி என்ற உடல்தகுதித் தேர்வில் இருப்பது புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். "நல்ல தம் இருக்குன்னு தெரியுது தம்பி. அந்த மூணுல எதுலயாவது உங்களை எறங்கச் சொன்னாங்களா?" என்றேன். அன்றைக்கே அவரைப் பத்து மாடி இறங்க வைத்தேன். இரண்டு நாள் கழித்து, நாற்காலியில் உட்காரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அடுத்த வாரம் அதே பத்து மாடிக்கு வலியே இல்லை.

எங்களுக்கு அகுங் மலை இலக்கு. பாலித் தீவின் மிக உயரமான சிகரம், 3,000 மீட்டரைத் தாண்டியது. பெசாக்கி கோயிலிலிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஏற்றம். நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பினால் ஆறேழு மணி நேரம் ஏறி விடியலில் உச்சி, பிறகு ஐந்தாறு மணி நேரம் இறக்கம். தெற்கே பசார் அகுங் கோயிலிலிருந்து போகும் வழி குறுகியது. எரிமலை வாய் விளிம்போடு அது முடிந்துவிடும்.

2,000 மீட்டர் என்பதைச் சிங்கப்பூர்க் கணக்கில் சொல்லிப் பார்க்கலாம். நம் தீவின் உச்சமான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். கடல் மட்டத்திலிருந்தே ஏறுவதாக வைத்துக்கொண்டாலும் 12 முறைக்கு மேல் ஏற வேண்டும். ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்றால் 25 மாடி புளோக்கைச் சுமார் 30 முறை. அத்தனையையும் ஒரே இரவில் செய்து பழகத் தேவையில்லை. பத்து வாரம் கையில் இருந்தால், வாரம் இரண்டு முறை, பத்து மாடியில் தொடங்கி, முந்தைய வலி முழுக்க ஆறிய பிறகே கூட்டிக்கொண்டு, கடைசியில் ஒரே மூச்சில் 150, 200 மாடி ஏறி இறங்கும் நிலைக்கு வந்தால் போதும். ஏற்கெனவே முட்டி வலி இருப்பவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்காமல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பையில் தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து ஏறி, மாடியில் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கும் உத்தியைச் சிலர் சொல்வார்கள். நான் கொட்டவிடுவதில்லை. சுமையோடு இறங்கத்தானே பழகுகிறோம்?

வேலை முடிந்த மாலைகளில் ஃபோர்ட் கேனிங் எங்கள் பயிற்சிக் களம். டோபி காட் நிலையத்தைவிட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் படிகள் தொடங்கிவிடும். மலை என்று சொல்ல வெறும் 48 மீட்டர்தான். ஆனால் படிக்கட்டு, தார்ச் சரிவு, புல்சரிவு, வேர் பாவிய மண் என்று பலவிதமான தரை ஒரே இடத்தில் கிடைக்கிறது. எரிமலைக்கு இது முக்கியம். சீரான படியில் கால் எங்கே விழும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும், மலையில் ஒவ்வோர் அடியும் வேறு. இருட்டிய பிறகு தலைவிளக்கோடு புல்சரிவில் குறுக்காக இறங்கிப் பழகுகிறோம். ஒரு காலத்தில் வங்காளத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இந்த அடிவாரத்து ஓடையில் துணி துவைத்து, புல்வெளியில் உலர்த்தினார்கள். நாள் முழுக்க ஈரத்துணி சுமந்து கரை ஏறி இறங்கிய அந்த மக்களை இங்கே நடக்கும்போது நினைத்துக்கொள்வேன். இதே குன்றில் பழைய மலாய் அரசர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள் என்று நம்பி, ஊர் மக்கள் ஏற அஞ்சிய காலமும் உண்டு.

அகுங்கும் வெறும் மலை அல்ல. பாலி இந்துக்களுக்கு அது தெய்வங்கள் உறையும் இடம். அதன் சரிவில் இருக்கும் பெசாக்கி, தீவின் தாய்க் கோயில். பெரிய திருவிழாக் காலங்களில் மலையேற்றம் கிடையாது. மாட்டிறைச்சி எந்த வடிவிலும் மேலே போகக் கூடாது, டின்னில் அடைத்ததுகூட. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது. கிளம்பும் முன் அவர் பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடுவார். நம்மவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் பூண்டி அடிவாரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு மூங்கில் கழி வாங்கிக்கொண்டுதான் ஏழு மலையையும் தொடங்குகிறார்கள். அந்தக் கழி ஏறுவதற்கு உதவுவதைவிட இறங்குவதற்கு உதவுவது அதிகம். காலுக்கு முன் கழி ஊன்றினால் முட்டியின் சுமையில் ஒரு பங்கைத் தோளும் கையும் ஏற்கின்றன. கடையில் விற்கும் மடக்குக் கழியோ மூங்கிலோ, இரண்டு கைக்கும் இரண்டு வேண்டும் என்பது என் கட்சி.

வெள்ளியங்கிரியிலிருந்து அகுங் மாறுபடுவது ஓரிடத்தில். இது உயிருள்ள எரிமலை. 1963 பிப்ரவரியில், நூறாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஏகாதச ருத்ர விழாவுக்குப் பெசாக்கி தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் மலை சீறத் தொடங்கியது. மார்ச் 17 அன்று பெரிய வெடிப்பு. ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். தீக்குழம்பு பெசாக்கியைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. மேலே எழுந்த கந்தகத் துகள்கள் உலகத்தின் வெப்பத்தையே சற்றுக் குறைத்தன. 2017 நவம்பரில் மறுபடி சாம்பல் எழுந்து விமான நிலையத்தை மூட வேண்டியிருந்தது.

ஆகவே தயாரிப்பின் முதல் வேலை படிக்கட்டில் இல்லை. இந்தோனேசியாவின் எரிமலைக் கண்காணிப்பு மையம் பாண்டுங்கிலிருந்து ஒவ்வொரு மலையின் நிலையையும் அறிவிக்கிறது. 1919-இல் கெலுட் எரிமலையின் சேற்று வெள்ளம் சுமார் 5,000 பேரைக் கொன்றதற்குப் பிறகு டச்சுக்காரர்கள் அமைத்த கண்காணிப்புச் சேவையின் தொடர்ச்சி இது. நான்கு படிநிலைகள்: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். மாக்மா இந்தோனேசியா என்ற அவர்களின் தளத்தில் யாரும் பார்க்கலாம். படிநிலையோடு, எரிமலை வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சொல்லக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மேற்குச் சுமத்ராவின் மராப்பி மலை வெடித்தபோது 75 பேர் ஏறியிருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். மலை இரண்டாம் நிலையில் இருந்தது. வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற அறிவுரையும் இருந்தது. இருந்தும் பாதை திறந்திருந்தது. பாதை திறந்திருக்கிறது என்பதும் மலை பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஜப்பானின் ஒந்தாக்கே மலையில் 2014 செப்டம்பர் 27 அன்று நடந்தது இன்னும் கொடுமை. எச்சரிக்கை மிகத் தாழ்ந்த முதல் நிலையில் இருந்தபோதே, மதியத்துக்குச் சற்று முன், நிலத்தடி நீர் திடீரென்று ஆவியாகி வெடித்ததில் 63 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். இவ்வகை நீராவி வெடிப்புக்குப் பெரும்பாலும் முன்னறிகுறி கிடைப்பதில்லை. அதனால்தான் எங்கள் குழுவுக்கு இரண்டு விதி வைத்திருக்கிறேன். நார்மல் அல்லாத மலையில் ஏறுவதில்லை. நார்மலாகவே இருந்தாலும் உச்சியில் படம் எடுத்ததும் கீழே வந்துவிட வேண்டும், வாய் விளிம்பில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கக் கூடாது. கந்தக நெடி வீசினால் பள்ளங்களில் நிற்கவும் கூடாது. எரிமலை வாயுக்கள் பல காற்றைவிடக் கனமானவை, தாழ்வான இடத்தில் தேங்கும். அழுகிய முட்டை வாடை திடீரென்று நின்றுபோனால் அது நல்ல அறிகுறி என்று எண்ணிவிடாதீர்கள், மூக்கு மரத்துப்போயிருக்கலாம்.

பொருள்களில் நான் அதிகம் வற்புறுத்துவது காலணி. புதிதாக வாங்குகிறவர்களைவிட, மூன்று நான்கு வருடம் முன்பு கினபாலு மலைக்கு வாங்கியதை அலமாரியிலிருந்து எடுக்கிறவர்களைப் பற்றித்தான் என் கவலை. பல காலணிகளில் அடித்தட்டுக்கு மேலே இருக்கும் மெத்தைப் பகுதி பாலியூரித்தேன். நம் ஊர் ஈரக்காற்றில், போடாமல் வைத்திருந்தாலும், அது உள்ளுக்குள் சிதைந்துகொண்டே போகும். பார்க்கப் புதுசு போல இருக்கும், நடக்கத் தொடங்கியதும் அடித்தட்டு மொத்தமாகக் கழன்று வரும். கட்டைவிரலால் அந்த மெத்தையை அழுத்திப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். புதிது வாங்கினால் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து அரை அளவு பெரிதாக எடுங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் முட்டி நகம் கறுத்துப்போவதை அது தடுக்கும்.

தண்ணீரை மேலே தேடிக்கொள்ளலாம் என்று நம்பிவிடாதீர்கள். எரிமலைப் பாறை மழையை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுகிறது, உயரத்தில் ஊற்று அரிது. மூன்று லிட்டராவது சுமக்க வேண்டும். கூடவே தேக்கா கடைகளில் வாங்கிய பேரீச்சையும் கடலை மிட்டாயும் போதும், இரவெல்லாம் சிறிது சிறிதாகச் சாப்பிடலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும். 30 பாகையில் வியர்த்துப் பழகிய நமக்கு, விடியலுக்கு முந்தைய உச்சிக் காற்றில் நனைந்த பருத்திச் சட்டையோடு நிற்பது ஆபத்து. மாற்றுச் சட்டை ஒன்றை நனையாத பையில் வையுங்கள். தளர்ந்த எரிமலைக் கல் கூரானது, அதற்குக் கையுறை. மாதங்களில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலர்காலம். மழைக்காலத்தில் காட்டுப் பகுதியின் வேர்களில் இறங்குவதற்கு நான் யாரையும் அழைத்துப் போக மாட்டேன்.

கடைசி வாரம் படிக்கட்டுக்கு விடுமுறை. நகம் வெட்டுங்கள், நன்றாகத் தூங்குங்கள், பயணக் காப்புறுதி எவ்வளவு உயரம் வரை செல்லும் என்று பத்திரத்தில் தேடிப் படியுங்கள். திரும்பும் நேரத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள்: காலை ஏழுக்குள் உச்சி வராவிட்டால், எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாலும், அங்கேயே திரும்ப வேண்டும். தலைவலி கூடி வாந்தி வருகிறவர் குழுவில் ஒருவர் இருந்தாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். இந்த முடிவை மலைமேல் களைத்துப்போன மனத்தால் எடுக்க முடியாது, வீட்டில் எடுத்துக் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து பாலிக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் என்பதால், சனி போய் ஏறி ஞாயிறு மாலையே திரும்பும் டிக்கெட்டைப் பலரும் எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தவர்தான் மழையிலும் ஏறுகிறார், வஸ்பாடாவிலும் ஏறுகிறார். விடுப்பில் ஒரு நாள் கூடுதலாகப் போட்டு, திங்கள் மாலை விமானத்தை எடுங்கள். முதல் இரவு மலை விடாவிட்டால் இரண்டாவது இரவு ஒன்று கையில் இருக்கும்.