காயம் ஆறிய பின்னர்

ஆலையொன்றில் ஒருவனுடைய கை இயந்திரத்திற் சிக்கி முறிகின்றது. வைத்தியசாலையில் எலும்பைப் பொருத்திக் கட்டுகின்றனர். சில வாரங்களில் எலும்பு கூடிவிடுகின்றது. ஆயினும் மாதங்கள் பல கழிந்தும் அவன் வேலைக்குத் திரும்பினானில்லை. அவனினும் கடுங்காயமுற்ற வேறொருவன் அவனுக்கு முன்னரே திரும்பிவிடுகின்றான். இத்தகைய வேறுபாட்டுக்குக் காரணம் தேடியோர், காயமுற்றவனைச் சூழ்ந்திருக்கும் மனிதரையும் கணக்கிற் சேர்க்கவேண்டியவராயினர்.

வீட்டிற் படுத்திருப்பவனுக்கு நோவைவிட ஐயங்களே மிகுதி. மீண்டும் அடிபட நேருமோ? முன்போற் பாரந் தூக்க இயலாதாயின் வேலையினின்று நீக்கிவிடுவரோ? 'நடிக்கின்றான்' என்று கூறுவரோ? இவற்றுக்கு விடையளிக்க வல்லவர் வைத்தியரல்லர், வேலைத்தலத்தில் உள்ளவரே. கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள தொழில், உடல்நல ஆய்வு நிறுவகம் 2007 ஆம் ஆண்டில் ஏழு நெறிகளை வெளியிட்டது. விபத்து நிகழ்ந்த முதல் ஓரிரு வாரங்களுக்குள் தொழில்கொள்வோர் பரிவுடன் தொடர்புகொள்ளவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பரிவுடன் என்ற சொல்லே இங்கு முக்கியம். நலம் விசாரிக்க வந்த மேற்பார்வையாளர், குற்றம் யாருடையது என்று துருவத் தொடங்குவாராயின், அவர் வாராதிருப்பதே நன்று.

அந்நாட்டின் கியூபெக் மாகாணத்தில், ஷேர்புரூக் நகரை அடுத்த பகுதியில், பற்றிக் லுவாசெல் என்னும் வைத்தியரும் அவரைச் சார்ந்தோரும் ஓர் ஆய்வு நடத்தி 1997 இல் முடிவுகளை வெளியிட்டனர். முதுகுநோவினால் நான்கு வாரங்களுக்கு மேல் வேலைக்கு வாராதிருந்த தொழிலாளர் அதிற் பங்குபற்றினர். சிலருக்கு வழமையான சிகிச்சை மட்டுமே அளிக்கப்பட்டது. வேறு சிலருக்குச் சிறப்புச் சிகிச்சையோடு மற்றுமொரு ஏற்பாடும் இருந்தது: வேலைமுறைகளை ஆராயும் நிபுணர் ஒருவர் தொழிலாளியின் வேலைத்தலத்துக்கே சென்றார், தொழிலாளியும் மேற்பார்வையாளரும், நிருவாகத்தின் சார்பிலும் தொழிற்சங்கத்தின் சார்பிலும் வந்தோரும் ஒருங்கிருந்து, அவ்வேலையில் எதனை மாற்றலாம் என்று ஆராய்ந்தனர். இவ்விரண்டையும் பெற்றோர், வழமையான சிகிச்சை பெற்றோரினும் ஏறத்தாழ 2.4 மடங்கு விரைவாகத் தம் பழைய வேலைக்குத் திரும்பினர். இப்பயனிற் பெரும்பகுதி வேலைத்தலத்திற் செய்யப்பட்ட ஏற்பாட்டினாலேயே விளைந்தது என்பது ஆய்வாளர் கண்ட முடிவு.

திரும்பி வந்த பின்னரும் இடர் உண்டு. பாரம் தூக்கலாகாது என்று வைத்தியர் எழுதிக்கொடுக்கின்றார். அப்படியாயின் அந்த மூட்டையை யார் தூக்குவது? அருகில் நிற்பவனே தூக்கவேண்டும். முதல் நாள் அவன் மனமுவந்து தூக்குவான். இரண்டாம் வாரத்தில் முணுமுணுப்புத் தொடங்கும். அதனைச் செவியுற்றவன் ஒருவரும் பாராத வேளையில் தானே மூட்டையைத் தூக்குவான். ஆறிய இடத்தில் நோவு மீளும். சக தொழிலாளரைக் கன்னெஞ்சர் என்று பழிப்பது எளிது. ஆனால் குறித்த அளவு வேலையை முடித்தாலன்றி முழுக்கூலி பெறாத ஒருவனிடம், கூலியின்றி மற்றொருவன் பாரத்தையும் சுமக்குமாறு கேட்பது நியாயமன்று. மேற்கூறிய ஏழு நெறிகளுள் மற்றொன்று இதனையே கருதுகின்றது: திரும்பி வருபவனுக்குச் செய்யும் உதவி, உடன் வேலை செய்வோருக்கு இழப்பாக அமையலாகாது. அக்குழுவின் வேலையளவைக் குறைத்தோ, மேலும் ஓர் ஆளைச் சேர்த்தோ, இவ்வேற்பாடு எத்தனை வாரங்களுக்கு என்பதை யாவரும் அறியக் கூறிவிட்டால், முணுமுணுப்புக்குப் பெரும்பாலும் இடமிராது.

இலகுவான வேலை என்னும் பெயரில் ஒருவனை வாயிலருகே நாற்காலியில் சும்மா இருத்திவைப்பதும் உண்டு. அது உதவியாகாது. போவோர் வருவோரெல்லாம் அவனைப் பார்த்துச் செல்வர், அவ்வளவே.

வீட்டாரின் அன்பும் சிலபோது தடையாவதுண்டு. குடத்தைத் தொடாதே, படியில் இறங்காதே என்று காப்போர், அவன் தன் உடலில் வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்துக் கட்டிப்போடுகின்றனர். வைத்தியரிடம் செல்லும்போது மனைவியோ தாயோ உடன்சென்று, எதைச் செய்யலாம் என்பதையும் நேரிற் கேட்டறிதல் நலம்.

இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாகக் காயமுற்றோருக்கு நட்டஈடு பெறும் உரிமையை வழங்குகின்றது. குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கு அது வேண்டும். எனினும் பணம் பற்றிய வழக்கு நீடிக்குமிடத்து, தொழிலாளியும் முதலாளியும் எதிர்க்கட்சியினர் ஆகிவிடுகின்றனர். உடல் தேறியதாகக் காட்டினால் உரிமை குறைந்துவிடுமோ என்று ஒருவன் அஞ்சுதலும் இயல்பே. யேர்மனியில் 2004 ஆம் ஆண்டு முதல் வேறொரு கடமையும் தொழில்கொள்வோர்மீது சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. ஓராண்டுக் காலத்தில் ஆறு வாரங்களுக்கு மேல் ஒருவர் சுகவீனத்தால் வேலைக்கு வாராதிருப்பின், அவர் திரும்புவதற்கான வழிவகைகளைப் பற்றி அவரோடு கலந்து பேச நிருவாகம் முன்வரவேண்டும். அவர் உடன்பட்டாலே அப்பேச்சு நடைபெறும். ஐந்தாறு பேர் மட்டும் வேலை செய்யும் மரஆலையிலோ அச்சகத்திலோ இதற்குச் சட்டமும் நிபுணரும் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. முதலாளி ஒரு மாலைப்பொழுதில் அவன் வீட்டுக்குச் சென்று, அவனுடைய இடம் அவனுக்கே இருக்கின்றது என்று கூறி வரலாம்.