அக்காவின் பேனாவுக்கு அடியில்

அத்தியாயம் 7

கார்மேல் மடங்களில் ஒரு சகோதரி இறந்தால், அவர் வாழ்க்கையைச் சில பக்கங்களில் எழுதி மற்ற மடங்களுக்குச் சுற்றுமடலாக அனுப்புவார்கள். காசநோயால் 24 வயதில் போய்ச் சேர்ந்த குழந்தை இயேசுவின் தெரேசாவுக்கு, பிரான்சின் லிசியே மடம் அந்த மடலுக்குப் பதிலாக ஒரு முழுப் புத்தகத்தையே அனுப்பியது. 1898 செப்டம்பர் 30, முதலாண்டு நினைவு நாளில், 2,000 பிரதிகள். அச்சுச் செலவு தாய்மாமன் இசிதோர் கெரானுடையது.

அந்த 'ஓர் ஆன்மாவின் வரலாறு' பரவிய வேகத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் வாசகர்கள் உருகி உருகிப் படித்தது தெரேசா எழுதியதைத்தானா?

நூல் எழுதுகிறோம் என்று தெரேசா உட்காரவே இல்லை. தாய் இறந்தபின் தன்னை வளர்த்த அக்கா பொலின் அப்போது மடத்தலைவி, அன்னை ஆக்னெஸ். சிறுவயது நினைவுகளை எழுதச் சொன்னது அவர்தான். 1895 முழுக்க, கிடைத்த நேரத்தில், பள்ளிப் பிள்ளைகளின் சாதாரண நோட்டில் தெரேசா எழுதினார். 1896 ஜனவரியில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அக்கா வாங்கி வைத்துவிட்டு மாதக்கணக்கில் திறந்தும் பார்க்கவில்லை! இரண்டாவது கையெழுத்துப் பிரதி, மூத்த அக்கா மரி கேட்டதற்காக அதே ஆண்டு செப்டம்பரில் எழுதியது. மூன்றாவது, 1897 கோடையில் அன்றைய தலைவி மரி தெ கொன்சாக்குக்கு எழுதியது. பேனா பிடிக்கத் தெம்பில்லாமல் கடைசிப் பக்கங்கள் பென்சிலில் இருக்கின்றன.

புத்தகம் போட கொன்சாக் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: எல்லாமே தனக்கு எழுதியதாக இருக்க வேண்டும். அக்காக்களைப் பார்த்துப் பேசிய வரிகள் சுரண்டப்பட்டன. மூன்றாவது பிரதி இரண்டாவதற்கு முன்னால் போனது. அதோடு நிற்கவில்லை. எழுத்துப் பிழை, அடிக்கோடு, ஆச்சரியக்குறி, பேச்சுவாக்கில் நீளும் வாக்கியம் என்று ஆக்னெஸ் கைவைத்த இடங்கள் 7,000-க்கும் மேல். தங்கையின் பள்ளிக் கட்டுரையைத் திருத்தும் அக்காவின் வேலை அது.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. வேண்டியதைச் சேர்க்கவும் நீக்கவும் அவருக்கு அனுமதி கொடுத்தது, சாகக் கிடந்த தெரேசாவேதான். ஆக்னெஸ் இல்லையென்றால் அந்த நோட்டுகள் ஏதோ ஒரு அலமாரியில் மக்கிப் போயிருக்கும். ஆனால் அவருக்கு ஒன்று பிடிபடவில்லை என்றே நினைக்கிறேன். தங்கையின் தட்டுத்தடுமாறும் நடையில்தான் அவள் ஆன்மிகமே இருக்கிறது. தியானத்தில் தூங்கிவிடுகிறேன் என்கிறார். ஜெபமாலை சொல்வது பெரும்பாடு என்கிறார். 1896-இல் பெரிய வியாழன் இரவு இருமலில் இரத்தம் வந்தது. அந்த உயிர்ப்புக் காலத்திலேயே விசுவாசம் இருண்டது. சாவுக்குப் பின் ஒன்றுமில்லை என்று இருட்டு தன்னைக் கேலி செய்வதாக எழுதுகிறார். கடவுளை நம்பாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கச் சம்மதிக்கிறார். சாவு அருகில் நிற்கையில் இப்படி எழுதிய பெண்ணுக்கு நடை திருத்தம் எதற்கு?

1910-இல் புனிதர் பட்ட விசாரணை தொடங்கியதும் மூலப்பிரதிகள் தேவைப்பட்டன. சுரண்டிய இடங்களை அக்கா மரியே உட்கார்ந்து மறுபடி நிரப்பினார். 1925-இல் தெரேசா புனிதரானார். உலகம் படித்தது இன்னும் பழைய பதிப்பைத்தான். 1947-இல் மூலத்தை வெளியிடும்படி சபைத் தலைமையகத்திலிருந்தே கோரிக்கை வந்தது. 'என் காலத்துக்குப் பிறகு' என்று தள்ளிப்போட்ட ஆக்னெஸ் 1951-இல் காலமானார். கார்மேல் துறவி பிரான்சுவா தெ சேந்த் மரி பிரதிகளைக் கையெழுத்து நிபுணர்களோடு ஆராய்ந்து, 1956-இல் அப்படியே படியெடுத்து வெளியிட்டார். அடித்தல் திருத்தலோடு தெரேசாவின் கையெழுத்தை அன்றுதான் வெளியுலகம் பார்த்தது. அவர் இறந்து 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே துறவி அடுத்துக் கைவைத்தது முகத்தில். மடத்துக்குள் கேமராவோடு நுழைந்த இன்னொரு அக்கா செலின் எடுத்த படங்கள், அவராலேயே மெருகேற்றப்பட்டுப் பரவியிருந்தன. நம்மூர் வீடுகளில் மாட்டியிருக்கும், சிலுவையையும் ரோஜாக்களையும் அணைத்த தெரேசா, செலின் வரைந்த ஓவியம். அசல் புகைப்படங்கள் 1961-இல் வெளிவந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)