வெட்டாமல் எடுக்கும் தேன்

கெடாவில் பெடு, மூடா அணைகளைச் சூழ்ந்த உலு மூடா காட்டில், 80 மீட்டர் வரை வளரும் துவாலாங் மரக் கிளைகளில் மலைத்தேனீக்கள் அடை கட்டுகின்றன. அடிமரம் உயரமாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் கரடி ஏறுவது கடினம்.

கிராமத்தார் தேன் எடுப்பது நிலவில்லா இரவில்தான். நசுக்கிய கொடியால் கட்டிய பந்தத்தைக் கிளையில் தட்டினால் தீப்பொறிகள் சிதறி விழும். ஒளியை நாடும் தேனீக்கள் அவற்றைத் துரத்திக் கீழே இறங்கி, விடியும்வரை தரையிலேயே தங்கிவிடும். நிலா காய்ந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது. தோட்டத்தில் ரப்பர் மரத்தைச் சாய்க்காமல் சீவிப் பால் எடுப்பது போலத்தான் துவாலாங்கை வெட்டாமல் தேன் எடுப்பதும்; மரம் நின்றால்தான் அடுத்த பருவத்திலும் வருமானம்.

ஆனால் துவாலாங்கை மட்டும் விட்டுவைத்துச் சுற்றிலும் வெட்டினால் பயனில்லை. தேனீக்கள் பூக்களைத் தேடி இடம் மாறுபவை. பூ இல்லாத இடத்துக்கு அவை திரும்புவதில்லை. சொல்லப்போனால், இந்தக் காடு தரும் வரவில் தேனைவிடப் பெரியது தண்ணீர். வேர்கள் பின்னிய காட்டு மண் மழையை உறிஞ்சி மெல்ல மெல்ல விடுகிறது. 1970-இல் பாசனம் தொடங்கிய மூடா திட்டத்தின் இருபோக வயல்களுக்கும், மூடா ஆற்றின் வழியே சுங்கை பட்டாணி, பினாங்குக் குழாய்களுக்கும் போவது இந்த நீர்தான்.