தூக்கி நிறுத்தக்கூடிய வண்டி

புளியங்குளம் சந்தியில் இருந்து வவுனியா நகரம் 25 கிலோமீற்றருக்கும் கூட. எங்கள் பிரதேச செயலகம் இருக்கின்ற நெடுங்கேணி கிழக்கே சுமார் 20 கிலோமீற்றர். ஏ9 வீதியில் பஸ் ஓடுகின்றது. ஆனால் சந்தியில் இறங்கி உள்ளே பிரிந்து போகின்ற கிறவல் வீதிகள் பலவற்றுக்குப் பஸ் கிடையாது. அந்த வீதிகளின் முடிவில்தான் எங்கள் சகோதரிகள் பலரின் காணிகள் இருக்கின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், கூப்பன் பதிவென்றால், தோட்டத்துக் கச்சானை விற்க வேண்டுமென்றால் ஓட்டோ பிடிக்க வேண்டும். போய்வருகின்ற கூலி ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிடும். இல்லாவிட்டால் அயலில் உள்ள ஓர் ஆண்பிள்ளை ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். கணவரை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருப்பவர்களும், காயப்பட்ட கணவரைப் பராமரிப்பவர்களும் இந்தக் கேட்டு நிற்றலை நன்றாக அறிவார்கள்.

நான் சந்திக்கின்ற மகளிர் குழுக்களில் இப்போது அடிக்கடி எழுகின்ற கேள்வி, “மிஸ், எந்த மோட்டச்சைக்கிள் எடுத்தால் நல்லது?” என்பதாகும். கேட்பவர்களில் பெரும்பாலானோர் இனித்தான் பழக வேண்டியவர்கள். அவர்களுக்குச் சொல்லி வருவதை இங்கே ஒழுங்காக எழுதுகின்றேன்.

எங்களுக்குப் புதிதல்ல

பெண் உந்துருளி ஓட்டுவது வன்னிக்குப் புதிய செய்தியல்ல. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகான சமாதான காலத்தில் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் பெண்கள் பணிக்காக உந்துருளியில் போய்வந்ததை எங்கள் தலைமுறை பார்த்து வளர்ந்தது.

அதற்கும் முன்னர், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், ஹொண்டா எம்.டி. 90 வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கினாலும் வண்டி ஓடியது. ஒரே சிலிண்டர், ஒரே பிளக், ஒரே காபரேற்றர் என்றிருந்த எளிமைதான் அதைத் தாங்கியது. யப்பானில் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட வண்டி அது. அதன் மூலக்குடும்பமான ஹொண்டா சுப்பர் கப் 1958 இல் வந்தது. கிளச் பிடி இல்லாமல், ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டுகளைத் தாங்கியபடியும் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அது வடிவமைக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டுக்குள் 10 கோடிக்கு மேல் உற்பத்தியாகியது.

2009 இல் எல்லாவற்றையும் போல உந்துருளிகளையும் விட்டுவிட்டு வந்தோம். முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த அந்த வண்டிகளை மறந்தவர் யாருமில்லை. மீளக்குடியேறிய பின்னர் பழகத் தொடங்குகின்ற பெண்ணிடம் “உனக்கேன் இது?” என்று கேட்பவர்கள், இந்த வரலாற்றைத்தான் மறந்துவிட்டுக் கேட்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது எடை

நிறமும் பெயரும் பிறகு. கடையிலோ விற்பவர் முற்றத்திலோ வண்டியைப் பார்க்கும்போது, நிலம் சமமான இடத்தில் அதை ஒரு பக்கம் மெதுவாகச் சாய்த்து, திரும்பவும் நிமிர்த்திப் பாருங்கள். விழுந்தால் நானே தனியாகத் தூக்கி நிறுத்துவேனா என்பதே கேள்வி. மழைக்காலத்தில், ஆளில்லாத கிறவல் வீதியில் விழுந்தால் தூக்கிவிட யாரும் வரமாட்டார்கள்.

ரிவிஎஸ் ஸ்கூட்டி பெப் போன்ற சிறு வண்டி 95 கிலோ அளவில் இருக்கும். பஜாஜ் சிரி 100, ஹீரோ ஸ்பிளென்டர் போன்ற 100 சிசி வண்டிகள் 110 கிலோவை அண்டியவை. இளைஞர்கள் விரும்பும் பஜாஜ் பல்சர் 150 ஏறக்குறைய 145 கிலோ. 110 இற்கும் 145 இற்கும் இடையிலான 35 கிலோ, ஒரு பெரிய பிள்ளையின் நிறை. பழகுகின்ற கைக்கு அது பெரிய வேறுபாடு.

அடுத்தது உயரம். இருக்கையில் இருந்தால் இரண்டு பாதங்களும், குறைந்தது முன்பாதங்களாவது, நிலத்தில் ஊன்ற வேண்டும். விழுகின்ற புதியவர்களில் பலர் ஓடும்போது விழுவதில்லை. நிற்பாட்டும்போது கால் எட்டாமல்தான் விழுகிறார்கள்.

ஸ்கூட்டியா, கியரா?

எல்லாரும் ஸ்கூட்டியையே சொல்வார்கள். தார் வீதிக்கு அது நல்லது. பாவாடையோடும் சேலையோடும் ஏறி இறங்கலாம், கியர் மாற்றத் தேவையில்லை. ஆனால் அதன் சில்லு சிறியது. கிறவல் வீதிக் குழிக்குள் சிறிய சில்லு இறங்கிவிடும். 100 சிசி மோட்டார் சைக்கிளின் 17, 18 அங்குலச் சில்லு அதே குழியைக் கடந்து போகும். பால்கானோ நெல் மூட்டையோ ஏற்றவும் மோட்டார் சைக்கிளே தோது. செயினும் பிளக்கும் எந்தச் சிறிய திருத்தகத்திலும் மாற்றக்கூடியவை. உள்வீதியில் வாழ்பவருக்கு, உறையெதுவும் போர்த்தாத, நிமிர்ந்து இருந்து ஓட்டுகின்ற, எளிய 100 சிசி வண்டியையே நான் சொல்வேன்.

காயங்களோடு வாழும் சகோதரிகளுக்கு விடை வேறு. மோட்டார் சைக்கிளின் கியர் இடது காலில் இருக்கிறது. இடது காலை இழந்தவருக்குக் கியரில்லாத ஸ்கூட்டி ஏற்றது. சமநிலை கடினமென்றால் பின்னால் இரு பக்கச் சில்லுகள் பொருத்தலாம். இடது கையின் பிடி பலமில்லாதவருக்கு, கிளச் பிடி இல்லாத எம்.டி. 90 வகை வண்டி உதவும். எப்படியானாலும் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்ற பிறகே வாங்க வேண்டும்.

எரிபொருளையும் எண்ணுங்கள். 2022 நெருக்கடியில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 200 கிலோமீற்றர். புளியங்குளத்தில் இருந்து வவுனியாவுக்கு மூன்று முறை போய்வரலாம். குறைவாகக் குடிக்கும் வண்டி வைத்திருந்தவர்கள் அந்த மாதங்களைச் சமாளித்தார்கள்.

பழகும் முறை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு கிராமப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் பெண்கள் கூட்டமாகப் பழகியதால் கேலி நிலைக்கவில்லை. எங்களுக்கும் அதுவே வழி. நான்கைந்து பேர் சேர்ந்து, பின்னேரத்தில், அறுவடை முடிந்த வயல்வெளியிலோ விளையாட்டு மைதானத்திலோ பழகுங்கள். ஓட்டத் தெரிந்த பெண் ஒருவரே பழக்குவது சிறந்தது.

முதல் நாள் இயந்திரத்தை இயக்காமல் தள்ளிப் பழகுங்கள். இரண்டாம் நாள் முதலாம் கியரில் கிளச்சை மெல்ல மெல்ல விடப் பழகுங்கள். வண்டி துள்ளி நின்றுபோவது கிளச்சைத் திடீரென விடுவதால்தான். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. கிறவலிலும் மணலிலும் முன் பிறேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் முன்சில்லு வழுக்கும். வேகத்தை முதலில் குறைத்து, பின் பிறேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள்.

சேலைத் தலைப்பும் சோலும் சில்லுக்குள்ளும் செயினுக்குள்ளும் போகாதபடி இறுக்கிச் செருக வேண்டும். இது பின்னால் இருப்பவருக்கும் பொருந்தும். தலைக்கவசம் இருவருக்கும் கட்டாயம். இருட்டிய பிறகு எங்கள் வீதிகளில் மாடும் யானையும் நிற்கும். பொழுதுபட முன்னர் வீடு சேருமாறு பயணத்தை அமையுங்கள்.

பத்திரங்கள் யார் பெயரில்?

18 வயது நிரம்பியவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். 100 சிசி வரையான வண்டிக்கு ஏ1 வகுப்பு. அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகுப்பு. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் பத்திரம், செய்முறைப் பரீட்சை என்பது ஒழுங்கு. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாமல் ஓடி விபத்து நேர்ந்தால், காயத்தோடு வழக்கும் வரும்.

பதிவுப் புத்தகத்தை உங்கள் பெயரில் எடுங்கள். நீங்கள் காசு கட்டுகின்ற வண்டி தம்பியின் பெயரிலோ மருமகனின் பெயரிலோ இருந்தால், ஒருநாள் அது உங்கள் முற்றத்தில் நில்லாது. தமிழ்நாட்டில் 2018 இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வண்டி மானியம் தொடங்கியபோது, விலையில் பாதி அல்லது ஆகக்கூடியது 25,000 இந்திய ரூபாய் கொடுத்தார்கள். குடும்பத் தலைவிகளுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. வண்டி அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இனி லீசிங். லீசிங்கில் எடுத்த வண்டியின் பதிவுப் புத்தகத்தில் நிறுவனம்தான் முழு உரிமையாளர். தவணை தவறினால் வண்டி போகும். கட்டிய காசும் திரும்பாது. ஒரு தவணையைக் கட்ட நுண்கடன், அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று போன குடும்பங்களை நான் அறிவேன். நிலைமை எவ்வளவு மோசமானதென்றால், 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசாங்கமே முடிவெடுக்க வேண்டி வந்தது.

ஆகவே ஒப்பமிட முன்னர் ஒரு கொப்பியில் எழுதிக் கணக்குப் பாருங்கள். மாதத் தவணையை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தைக் கூட்டுங்கள். வருவது வண்டியின் உண்மை விலை. அதை ரொக்க விலையோடு ஒப்பிடுங்கள். பெற்றோல், காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், ரயர் என்பவற்றையும் சேருங்கள். எங்கள் வருமானம் நெல் வெட்டும்போதும் கச்சான் பிடுங்கும்போதும் வரும். தவணையோ மாதா மாதம் வரும். காசு வராத மாதத்தில் எதைக் கொண்டு கட்டுவேன் என்ற கேள்விக்கு விடையில்லாவிட்டால், லீசிங் வேண்டாம். சீட்டுக் கட்டி, மகளிர் சங்கத்தின் சிறு கடனையும் சேர்த்து, நல்ல திருத்துநர் ஒருவரிடம் காட்டிப் பழைய வண்டியொன்றை வாங்குவது பாதுகாப்பானது.

உள்வீதிக் கிராமமொன்றில் பால் சேகரிக்கின்ற சகோதரி ஒருவர் அப்படித்தான் வாங்கினார். முன்னர் மற்றவர் வந்து எடுக்கும்வரை பால் காத்திருந்தது. இப்போது விடியற்காலையில் அவரே சந்திக்குக் கொண்டுவருகிறார். “மிஸ், வண்டியைவிட எனக்குப் பெரிசு, ஆரிட்டையும் கேட்காமல் வெளிக்கிடுறது” என்றார்.

வாங்க நினைக்கின்ற சகோதரிகளே, வண்டியையும் கடனையும் ஒரே அளவுகோலால் அளவுங்கள். இரண்டும் ஒருநாள் சரியக்கூடும். சரிந்தால் நீங்கள் தனியாகத் தூக்கி நிறுத்தக்கூடிய அளவில் இரண்டும் இருக்கட்டும்.