கட்டிப்போட்ட யானைகள்

நாம் குடியிருக்கும் மல்லேஸ்வரம், கொள்ளை நோயின் காரணமாகப் பெருகிய பேட்டை. 1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது, நகரத்து நெரிசலுக்கு அஞ்சிய மக்கள் காற்றோட்டமுள்ள இவ்விடத்தை நாடி வந்தனர். அந்த நோய் மக்களை இடம்பெயரச் செய்தது. 2020-இல் வந்த கொரோனாவோ அவரவரை இருந்த இடத்திலேயே இருத்திவிட்டது. அதனால் பெரிதும் அடிபட்ட தொழில் ஆகாய விமானப் போக்குவரத்து. கடல் கடந்து மக்களையும் மருமக்களையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்கு இஃது அயலார் விஷயமன்று.

அவ்வாண்டு மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்களும், 25 முதல் உள்நாட்டு விமானங்களும் நின்றன. மே 25-இல் உள்நாட்டுச் சேவை மீண்டும் தொடங்கியபோது, வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே அரசாங்கம் அனுமதி தந்தது. 2019-இல் 14 கோடியைத் தாண்டியிருந்த உள்நாட்டு விமானப் பிரயாணிகள், 2020-இல் சுமார் 6.3 கோடியாகக் குறைந்தனர்.

ரெயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் செய்யும் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. பிரயாணி ரெயில்களும் அதே மார்ச்சில் நின்றன. ஆயினும் அகவிலைப்படி உயர்வு நின்றதேயன்றி, நம் சம்பளம் நிற்கவில்லை. விமானக் கம்பெனிகள் மட்டும் ஏன் தத்தளித்தன? விடை எளிது. சரக்கு ரெயில்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ரெயில்வேயின் வருவாயில் பெரும்பங்கு சரக்கினால் வருவது. விமானக் கம்பெனிக்கோ பிரயாணியின் கட்டணமே உயிர்நாடி. விமானங்களிற் பல குத்தகைக்கு எடுத்தவை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வாடகை உண்டு; நிறுத்தி வைக்கக் கட்டணம் உண்டு; நின்ற இயந்திரத்தையும் பரிசோதிக்க வேண்டும். கட்டிப்போட்ட யானைக்கும் கவளம் வேண்டுமல்லவா?

ஆகவே ஆட்குறைப்பு வந்தது. இண்டிகோ கம்பெனி 2020 ஜூலையில் பத்து சதவீத ஊழியரை நீக்குவதாக அறிவித்தது. உள்நாட்டுச் சேவையே இல்லாத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அக்டோபரில், நின்றிருந்த தன் பெரிய விமானத்தில் விருந்து பரிமாறிக் காசு பார்த்தது. அமெரிக்க அரசாங்கம் விமான ஊழியர் சம்பளத்துக்கென்றே பெரும் நிதி வழங்கியது.

இனி பிரயாணியின் கதையைக் கேளுங்கள். நம் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சிங்கப்பூரிலிருக்கும் மகளின் பிரசவத்துக்காக, ஓய்வூதியத்தில் சிறுகச் சேர்த்து இரண்டு டிக்கெட்டுகள் வாங்கியிருந்தார். பயணம் ரத்தாயிற்று. பணத்தைக் கேட்டபோது, "பிறகு பறக்கும்போது கழித்துக்கொள்ளலாம்" என்றனர். 2020 அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது: பணத்தைத் திருப்ப வேண்டும், முடைப்பட்ட கம்பெனி அதை 2021 மார்ச் 31 வரை பிரயாணியின் கணக்கில் வைத்து, பயன்படாத தொகையை அதன்பின் கொடுத்துவிட வேண்டும் என்பது தீர்ப்பு. பெரியவருக்கும் பணம் வந்து சேர்ந்தது. ஆனால் பேரனை அவரும் அம்மாளும் கண்டது, அவன் நடக்கத் தொடங்கிய பின்னரே.

கம்பெனிகளின் துன்பம் மெய்யே. எனினும், ஏழைப் பிரயாணி முன்கூட்டிச் செலுத்திய பணம், அவர்கள் கேளாமல் எடுத்துக்கொள்ளும் கடனாகிவிடக் கூடாது என்பதே நம் கருத்து. அன்பர்கள் டிக்கெட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரத்துச் செய்தி வந்த அன்றே எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள். எழுதத் தெரியாத முதியோர்க்கு எழுதிக் கொடுப்பது நம் சங்க இளைஞர் கடமை.