ஷாக்கே அடிக்கல... ஆனா ரேம் போச்சு! கம்ப்யூட்டரைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

புது ரேம் வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டுகிறீர்கள். பவர் பட்டனை அழுத்தினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. பெரும்பாலும் ரேம் ஸ்லாட்டில் சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும். கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினால் சரியாகிவிடும். அப்படியும் வரவில்லை, கடையில் 'ரேம் டெட்' என்கிறார்கள் என்றால், சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று உங்கள் கை!

கையில் எங்கிருந்து கரண்ட்?

பிளாஸ்டிக் சேரில் இருந்து எழும்போதும், கார்பெட்டில் நடக்கும்போதும், பாலியஸ்டர் சட்டை உடம்பில் உரசும்போதும் நிலை மின்சாரம் சேர்கிறது. கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் 'சுரீர்' என்கிறதே, அதுதான். அந்த சுரீர் நமக்குத் தெரிய சுமார் 3,000 வோல்ட் வேண்டும். வோல்ட் அதிகமாக இருந்தாலும் மின்னூட்டம் மிகக் குறைவு என்பதால் நமக்கு ஆபத்தில்லை.

சிப்பின் கதை வேறு. அதன் டிரான்சிஸ்டர்களில் உள்ள காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். பாதுகாப்பு அமைப்புகள் இருந்தாலும், சில பாகங்கள் 100 வோல்ட் அளவிலேயே பழுதாகிவிடும். அதாவது, நமக்கு எதுவுமே தெரியாது, ஆனால் சிப் காலி.

உடனே செத்துப்போனாலாவது பரவாயில்லை. பாதி அடிபட்ட சிப் சில மாதம் ஓடிவிட்டு, பிறகு திடீர் ரீஸ்டார்ட், புளூ ஸ்கிரீன் என்று படுத்தி எடுக்கலாம். அப்போது யாருக்கும் இந்த நாள் ஞாபகம் வராது.

சென்னை மாதிரி ஈரப்பதமான ஊரில் இந்தப் பிரச்னை குறைவுதான். ஆனால் இல்லாமல் போவதில்லை. வறண்ட காற்றில் கார்பெட்டில் நடந்தால் 35,000 வோல்ட் வரை சேரலாம், ஈரமான காற்றிலும் 1,500 வரை வரும். ஏ.சி. அறையில் காற்று இன்னும் வறண்டுவிடும்.

என்ன செய்யணும்?

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எர்த் கிடைக்கட்டும் என்று பிளக்கைச் செருகியே வைக்கச் சொல்பவர்கள் உண்டு. எர்த் சரியாக இருக்கிறதா என்று தெரியாத வீட்டில் அந்த ரிஸ்க் தேவையில்லை. இங்கே முக்கியம் எர்த் அல்ல. உங்கள் உடம்பும் கம்ப்யூட்டரும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை முதலில் தொட வேண்டும். எழுந்து போய் வந்தால் மறுபடி தொடணும்.

அடிக்கடி இந்த வேலை செய்பவர்கள் ஆன்டி-ஸ்டேட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப் வாங்கிக்கொள்ளலாம். கையில் மாட்டி, கிளிப்பைக் கேபினெட் உலோகத்தில் பொருத்த வேண்டும். அதற்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். வெறும் வயரைக் கையில் சுற்றிக்கொள்வது இதற்கு ஈடாகாது. மின்சாரம் ஓடும் கருவியில் வேலை செய்யும்போது ஸ்ட்ராப் கூடாது.

மெத்தை, சோபா மேல் வைத்துக் கழற்ற வேண்டாம், மர மேஜை போதும். ரேமை ஓரங்களில் பிடியுங்கள், தங்க நிறக் காண்டாக்டில் விரல் படக்கூடாது. தூசி எடுக்க வீட்டு வேக்கம் கிளீனரைக் கொண்டு வராதீர்கள். அதன் பிளாஸ்டிக் குழாயே நிலை மின்சாரத்தை உண்டாக்கும்.

ரேம் வந்த வெள்ளி நிறக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழற்றிய பழைய ரேமை வைக்க அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது.