மலைநாட்டிற் கூடி நடத்தல்

பத்துப்பாட்டினைப் பயின்றார் அதன் இறுதிக்கண் நிற்கும் மலைபடுகடாத்தை எளிதில் மறவார். கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் அப்பாட்டில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், நன்னனை நாடிச் செல்லும் மற்றொரு கூட்டத்தார்க்கு மலைவழியின் இயல்பை யெல்லாம் எடுத்துரைக்கின்றான். தினைப்புனத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு அஞ்சி வழிகளிற் கற்பொறி அமைத்திருப்பர். ஆதலின் இருளிற் செல்லாது தங்கி, விடிந்த பின்னரே செல்லுங்கள் என்பது அவன் கூறும் அறிவுரைகளுள் ஒன்று. சென்ற கோடை விடுமுறையில், குன்னூரில் எம் பெரியப்பாவின் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கியிருந்தகாலை, இவ்வறிவுரையை யாம் மீண்டும் கேட்டோம். கூறியவர் கூத்தரல்லர், நாள்தோறும் காலையிற் கூடி நடக்கும் முதியோர் ஐவர். அவர்கள் அஞ்சியது பொறிக்கன்று, தேயிலைத் தோட்டங்களிற் புகுந்து திரியும் கரடிக்கும் காட்டெருமைக்குமே.

பெரியப்பா தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிற் கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு உண்டென்று கண்ட மருத்துவர், "நாள்தோறும் அரைமணி நேரம் நடவுங்கள்" என்றாராம். அவரும் புதிய மிதியடி வாங்கித் தனியே நடந்தார். பத்து நாள் சென்றது. பதினொன்றாம் நாள் மழை தூறிற்று. மறுநாள் விருந்தினர் வந்தனர். அதற்கு மறுநாள் செல்லாமைக்குக் காரணமே வேண்டியதில்லையாயிற்று. மிதியடி ஈராண்டு அலமாரியின் கீழ்க் கிடந்தது. பின்னர் அண்டை வீட்டில் வாழும் முன்னாள் ஆசிரியர் ஒருவர், "நாளை ஏழு மணிக்குச் சாலை வளைவில் நிற்பேன்" என்று சொல்லிச் சென்றார். அவர் நிற்பாரே என்ற கூச்சத்தினால் பெரியப்பா சென்றார். இன்றும் செல்கின்றார். இரண்டு முறையும் நடந்தவர் ஒருவரே, சாலையும் ஒன்றே, நோயும் ஒன்றே. வேறுபட்டது யாது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்தது.

முதலில், நடை ஏன் வேண்டும் என்பதைச் சுருங்கக் கூறுவோம். தசைநார்கள் இயங்கும்போது குருதியிலுள்ள சர்க்கரையைத் தாமே ஈர்த்துக்கொள்கின்றன; இன்சுலின் குறைந்தார்க்கும் அதன் பயன் குன்றினார்க்கும் இது பேருதவி. குருதியழுத்தம் தணிகின்றது, இதயமும் வலிமை பெறுகின்றது. 1953-ஆம் ஆண்டில் ஜெரெமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும் இலண்டன் மாநகரப் பேருந்து ஊழியரை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். நாளெல்லாம் அமர்ந்தே வண்டி செலுத்தும் ஓட்டுநரைவிட, இரண்டு தட்டுப் பேருந்தின் படிகளில் ஓயாது ஏறியிறங்கும் நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவாகவே நேர்ந்தது. ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசித்த இருவருள், நின்று நடந்தவர் நன்மை பெற்றார். பின்வந்த ஆராய்ச்சிகள் பலவற்றிற்கு இது வித்து.

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம்வரை நடுத்தரமான உழைப்பேனும் மேற்கொள்ளல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு. 2022-ஆம் ஆண்டு நிலையைக் கணக்கிட்ட ஓர் ஆய்வின்படி, உலகில் வயது வந்தோருள் நூற்றுக்கு 31 பேர் இவ்வளவினை எட்டவில்லை. இந்தியாவிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் எட்டவில்லை. ஆடவருள் நூற்றுக்கு 42 பேரும் பெண்டிருள் 57 பேரும் என்பர். பெண்டிர் தொகை மிகுந்திருத்தல் சோம்பலாலன்று என்பது எம் துணிபு. விடியற்காலையில் ஒரு பெண் தனியே சாலையில் நடக்க நம் ஊர்களில் எத்துணைக் கண்களைக் கடக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தாற் போதும்.

"மலைநாட்டார்க்கு நடை கற்பிக்க வேண்டுமோ?" என்று நண்பர் ஒருவர் எம்மை நகையாடினார். வினா நன்றே. ஜான் சலிவன் நீலகிரியிலேறிய 1819-ஆம் ஆண்டில் அம்மலைக்கு வண்டிப்பாதை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து இருப்புப்பாதை குன்னூரை அடைந்தது 1899-இல்; உதகையை அடைந்தது 1908-இல். எருமை மேய்க்கும் தோடரும், ஊருக்கு ஊர் பொருள் கொண்டுசென்ற கோத்தரும், புலம் உழுத படுகரும் நடந்தே வாழ்ந்தனர். ஹெத்தையம்மன் திருவிழாவிற்குப் படுகப் பெருமக்கள் வெண்ணிற ஆடையுடுத்துக் கைத்தடி ஏந்திப் பேரகணிக்குக் கூட்டங்கூட்டமாக நடந்து செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. ஆயினும் ஆண்டிற்கொரு நடை உடலுக்குப் போதாது. இன்று கடைத்தெருவிற்கு ஆட்டோ, பள்ளிக்கு வேன், அடுத்த ஊருக்குப் பேருந்து. கணக்கரும் வணிகரும் அலுவலரும் சமவெளியிலுள்ளாரைப் போலவே அமர்ந்து வாழ்கின்றனர்.

ஈண்டு ஒன்றை நன்கு வேறுபிரித்தல் வேண்டும். தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் பெண், முதுகிற் சுமை தொங்கச் சரிவிலே காலூன்றி, செடிக்கும் செடிக்கும் இடையே நாளெல்லாம் நிற்கின்றாள், ஏறுகின்றாள், இறங்குகின்றாள். நிறுக்குமிடத்திற்குச் சுமந்து செல்வதும் அவளே. மாலையில் வீடு சென்று விறகும் நீரும் கொணர்வதும் பெரும்பாலும் அவளே. இவளை நோக்கி, "அம்மா, நடந்தால் நலம் பெறுவாய்" என்பது அறியாமை மட்டுமன்று, இரக்கமின்மையுமாகும். உழைப்பிற் செய்யும் அசைவு வேறு. தன் விருப்பிற்கேற்ப விரைந்தும் தணிந்தும் இளைப்பாறியும் செய்யும் நடை வேறு. இடையறாத பாரமான உழைப்பு இதயத்திற்கு ஓய்வு கொடாமையால், விருப்ப நடை தரும் நன்மையை அது தருவதில்லை என்று அறிஞர் சிலர் கூறுவர். அவளுக்கு வேண்டுவன ஓய்வும், நல்லுணவும், குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் அவள் இருக்குமிடத்திற் சென்று சோதிப்பாருமே. காலை நடை வேண்டுவது, அவள் பறித்த கொழுந்தின் நிறையை ஏட்டில் எழுதுவார்க்கு. எம் பெரியப்பா முப்பதாண்டுக்கு மேல் அதனையே செய்தவர். இதனை அவரிடம் சொன்னபோது சினவாது நகைத்தார்.

இனிக் கூடி நடத்தலின் சிறப்பு. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குழு நடையைப் பற்றிய 19 ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து நோக்கி, அதனால் மக்களின் உடலுழைப்பு உண்மையாகவே மிகுகின்றது என்று முடிவு கூறிற்று. 2015-இல் இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர் சாரா ஹான்சனும் ஆண்டி ஜோன்சும், 1,843 பேர் பங்குகொண்ட 42 ஆராய்ச்சிகளைத் தொகுத்தனர். குழுவில் நடந்தார்க்கு மேற்குருதியழுத்தம் சராசரி 3.72 அலகும் கீழழுத்தம் 3.14 அலகும் குறைந்தன; உடற்கொழுப்பும் மனச்சோர்வும் தணிந்தன. இவை சிறு எண்களாகத் தோன்றும். ஆயின் ஓர் ஊரார் அனைவர்க்கும் அழுத்தம் இவ்வளவு தணியுமாயின் மாரடைப்பும் பக்கவாதமும் எத்துணைக் குறையும் என்பதை மருத்துவர் அறிவர். எம் உள்ளத்தைக் கவர்ந்தது பிறிதொன்று: குழுவிற் சேர்ந்தாருட் பெரும்பாலோர் இடையில் நின்றுவிடவில்லை. தனி மனிதனின் மனவுறுதி தளரும் நாளும் ஐவர்க்கு வேறு வேறு. ஒருவர் தளரும் நாளில் நால்வர் வளைவில் நிற்பர்.

இங்கிலாந்தில் இதனை முறைப்படுத்தியவர் வில்லியம் பேர்டு என்னும் சிற்றூர் மருத்துவர். 1990-களின் நடுவில், தம்மிடம் வரும் நோயாளரைக் கூட்டி நடத்தும் வழக்கத்தை அவர் தொடங்கினார். அது பின்னர் நாடெங்கும் பரவிற்று. பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் முன்னே செல்வர். மற்றொருவர் கடைசியில் வருவார்க்குப் பின்னே வருவர். யாரும் தனித்து விடப்படுவதில்லை. முன்செல்வாரினும் பின்வருவாரே இன்றியமையாதவர் என்பது எம் கருத்து. மூச்சு வாங்கி நிற்கும் முதியவர் மறுநாள் வருவதும் வாராமையும் அவர் கையில் உள்ளது.

நம் தமிழ்நாட்டில், 2023 நவம்பர் 4-ஆம் நாள், 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டம் சென்னைப் பெசன்ட் நகரில் தொடங்கப்பெற்றது. நீலகிரி உட்பட 38 மாவட்டங்களிலும் ஒவ்வொன்றில் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை வகுத்தலும், திங்கள்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டி நடத்தி, ஆங்கே மருத்துவச் சோதனை செய்தலும் அதன் நோக்கம். ஜப்பான் தலைநகர் டோக்கியோவிற் கண்ட நடைபாதையே இதற்கு முன்மாதிரி. ஞாயிறு காலை ஆலயத்திற்குச் செல்வார் நடையை ஆராதனைக்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்ளலாம், அஃதொரு தடையன்று.

8 கிலோமீட்டர் நடப்பார் ஏறத்தாழ 10,000 அடியோ அதற்குச் சற்று மேலோ வைப்பர். இவ்வெண்ணை வேதவாக்காகக் கொள்வார் பலர். அஃது ஆராய்ச்சியிற் பிறந்ததன்று; 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிற் பிறந்தது. 2019-இல் அமெரிக்க முதுமகளிரைப் பற்றி வெளிவந்த ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தாரைவிட 4,400 அடி நடந்தார்க்கே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் நன்மை மிகவில்லை. ஆதலின் எட்டுக் கிலோமீட்டர் என்று கேட்டு முதியோர் மலைத்து வீட்டிலேயே இருந்துவிடல் வேண்டா. திங்களுக்கொரு பெருநடையினும், வாரத்தில் ஐந்து நாள் அண்டையாருடன் செல்லும் அரைமணி நடையே உடலுக்குப் பயன்படும். திட்டம் சாலை தரும்; வளைவில் நின்று காத்திருப்பாரை ஊரார்தாம் தேடிக்கொள்ளல் வேண்டும்.

மலைநடைக்கெனச் சில முறைகள் உள. குன்னூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரமுடையது. உதகை 2,240 மீட்டர். சமவெளியில் எளிதாகத் தோன்றும் நடை இங்கே ஏற்றத்தில் இரட்டிப்பு உழைப்பாகும். நடுத்தர உழைப்பினை அறிய எளியதோர் அளவு உண்டு: நடக்கும்போது பேச இயலவேண்டும், பாட இயலலாகாது. தனியே நடப்பார் இவ்வளவினை யாரிடம் பேசிக் காண்பாரோ அறியோம்! ஏற்றத்தில் அடியைக் குறுக்குதலும், இறக்கத்தில் முழங்காலுக்கு அஞ்சி மெல்ல இறங்குதலும் நன்று. குளிர் குருதிக்குழாய்களைச் சுருக்குமாதலின், இதயநோயுடையார் மார்கழி தைத் திங்களில் வெயில் வந்தபின்னரே புறப்படல் வேண்டும். நீரிழிவுடையார் காலுக்கேற்ற மிதியடியும், மயக்கம் வரின் உண்ணச் சிறிது சர்க்கரையும் கொண்டு செல்லல் வேண்டும். மார்புவலி கண்டார் நடவாது மருத்துவரை நாடல் வேண்டும். காட்டெருமை எதிர்ப்படின் கூவுதலும் கல்லெறிதலும் கூடா. தொலைவில் நின்று, அது கடக்கும்வரை காத்திருத்தலே முறை.

பெரியப்பாவின் குழுவினர் முதலில் ஐந்தரை மணிக்கே புறப்பட்டனராம். ஒரு நாள் சிம்ஸ் பூங்காவிற்குச் செல்லும் வழியில், மூடுபனியினுள் கரிய உருவொன்று சாலையைக் கடந்தது. கரடியோ கன்றோ என்று இன்றுவரை அவர்களுக்குள் வழக்குத் தீரவில்லை. அன்று தொட்டு நேரம் ஏழு மணியாயிற்று. நேரம் மாறியபின், இருளில் வர அஞ்சியிருந்த அண்டை வீட்டுப் பெண்டிர் மூவர் தாமே வந்து சேர்ந்தனர். ஐப்பசி மழையில் நடை மூன்று வாரம் நின்றதென்றும், குழு கலைந்துவிடுமோ என்று அஞ்சியபோது அம்மூவருள் ஒருவரே வீடு வீடாகச் சென்று கதவு தட்டி அனைவரையும் அழைத்து வந்தாரென்றும் பெரியப்பா அண்மையில் எமக்கு எழுதிய மடலிற் குறித்துள்ளார். கடைசியில் வருவார்க்குப் பின்னே நடப்பவர் இப்பொழுது அவர்தாம்.